சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னாடி ஒரு மனுஷன்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு உங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மாமா ஒரு டிபார்ட்மென்ட் சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டு அண்ணன் வேற ஒண்ணு சொல்லியிருப்பார். கட்-ஆஃப் பார்த்து, சாய்ஸ் ஃபில்லிங்ல வரிசையா பேரைப் போட்டு, கிடைச்சதுல சேர்ந்திருப்பீங்க. நானும் அப்படித்தான் வந்தேன். எனக்கு எது சரியா வரும்னு முதல் தடவையா யோசிச்சதே இந்த வருஷம், பிளேஸ்மென்ட் ஃபார்ம் நிரப்பும்போதுதான்!

இந்தக் கேள்வியைப் பள்ளி வயசுலயே கேக்கணும்னு ஒருத்தர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கிளம்பினார். கேரியர் கைடன்ஸ் துறையின் தந்தைன்னு உலகம் சொல்ற ஃபிராங்க் பார்சன்ஸ். அவரும் நம்ம ஆளுதான், ஒரு சிவில் இன்ஜினியர்.

பார்சன்ஸ் 1854-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். 1873-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் முடிச்சப்போ அவருக்கு வயசு 18. உடனே ஒரு ரயில்வே கம்பெனியில் வேலையும் கிடைச்சது. ஆனா அதே வருஷம் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி. கம்பெனி திவாலாச்சு. டிகிரியைக் கையில வச்சுக்கிட்டு அவர் ஒரு இரும்பு ஆலையில் கூலி வேலைக்குப் போனார்.

அதுக்கப்புறம் அவர் வாழ்க்கை நேர்கோட்டில் போகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரா இருந்தார். சட்டம் படிச்சு வக்கீல் பரீட்சை எழுதி ஜெயிச்சார். ஆனா அந்தப் படிப்பில் உடம்பு கெட்டுப்போய், நியூ மெக்சிகோவில் திறந்தவெளி வாழ்க்கை வாழ்ந்துதான் தேறினார். பாஸ்டனுக்குத் திரும்பி சட்டப் புத்தகங்கள் எழுதினார், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லிக் கொடுத்தார். 1895-ல் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். கான்சாஸில் ஒரு வேளாண் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே ஆட்சி மாறினதும் அந்த வேலையும் போச்சு. தனக்கான இடம் எதுன்னு தெரியாம அலையுறது எப்படி இருக்கும்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்போ பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதி முழுக்க ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள். பசங்க பள்ளியை விட்டதும் கண்ணில் பட்ட முதல் வேலையில் சேருவாங்க, பிடிக்காம விடுவாங்க, அடுத்ததுக்குப் போவாங்க. அங்கே சிவிக் சர்வீஸ் ஹவுஸ்னு ஒரு சேவை இல்லம் இருந்தது. அதில் 1905-ல் உழைக்கும் மக்களுக்காக மாலை நேர வகுப்புகளை பார்சன்ஸ் தொடங்கினார். பசங்க தனியா வந்து அவர்கிட்ட யோசனை கேட்க ஆரம்பிச்சாங்க. இதை ஒரு முறையான வேலையாவே செய்யணும்னு அவருக்குத் தோணுச்சு. பாலின் அகாசி ஷா என்ற கொடையாளர் பண உதவி செய்ய, 1908 ஜனவரியில் வொகேஷன் பீரோ திறந்தது.

அங்கே போனா முதல்ல ஒரு நீளமான கேள்வித்தாள் கொடுப்பாங்க. என்ன படிக்கிறீங்க, காசையும் நேரத்தையும் எப்படிச் செலவு பண்றீங்க, எதில் பலவீனம்னு எல்லாம் நீங்களே எழுதணும். அப்புறம் நேர்ல உட்கார்ந்து பேச்சு. அவர் கணக்கு ரொம்ப சிம்பிள். முதல்ல உங்களைத் தெரிஞ்சுக்கணும். ரெண்டாவது, வேலைகளைத் தெரிஞ்சுக்கணும், அதாவது தகுதி, சம்பளம், கஷ்டம், எதிர்காலம் எல்லாம். மூணாவது, ரெண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுக்கணும். முடிவு எடுக்க வேண்டியது நீங்க, அவர் இல்லை.

ஒரு தடவை 19 வயசுப் பையன் ஒருத்தன் டாக்டர் ஆகணும்னு வந்தான். பார்சன்ஸ் அவனைத் திட்டவில்லை, ஆசைப்படாதேன்னும் சொல்லவில்லை. பண்ணைகளையும் தொழிற்சாலைகளையும் நேர்ல போய்ப் பார்த்துட்டு வான்னு அனுப்பினார். நம்மள்ல எத்தனை பேர் சேர்றதுக்கு முன்னாடி ஒரு சைட்டையோ ஒர்க் ஷாப்பையோ பார்த்திருக்கோம்?

எல்லாத்திலும் அவர் சரின்னு சொல்லமாட்டேன். தலையின் வடிவத்தைப் பார்த்தும் குணத்தைக் கணிக்கலாம்னு நம்பினார். அதை அறிவியல் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. ஆனா அந்த மூணு படிகள் இன்னைக்கும் நிக்குது.

பீரோ திறந்து எட்டு மாசம்கூட முழுசா ஓடியிருக்கும், 1908 செப்டம்பர் 26 அன்று பார்சன்ஸ் இறந்துபோனார். வயசு 53. அவர் எழுதி வச்சதை நண்பர்கள் தொகுத்து 1909-ல் புத்தகமா கொண்டு வந்தாங்க. பாஸ்டன் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கே வழிகாட்டும் பயிற்சி கொடுக்கிற வேலையும் தொடர்ந்தது. அது வளர்ந்ததை அவர் பார்க்கவே இல்லை.

இப்போ உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, நீங்க படிச்ச பள்ளியில் ப்ளஸ் ஒன் பசங்ககூட ஒரு மணி நேரம் உட்காருங்க. எந்த டிபார்ட்மென்ட் எடுக்கணும்னு சொல்லாதீங்க. உங்க லேப்ல என்ன நடக்குது, எந்த பேப்பர்ல அரியர் விழுந்துச்சு, எது பிடிச்சிருந்ததுன்னு உள்ளதைச் சொல்லுங்க. முடிவை அவங்க எடுக்கட்டும். நான் பொங்கல் லீவுக்குப் போறேன். நீங்க எப்போ?