தில்லையாடி வள்ளியம்மை

ஆனைக்கரையில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், சொந்த ஊர் எதுவென்று வினவினால், பிள்ளைகள் தந்தையின் முகத்தைப் பார்க்கின்றனர். பிறந்த இடம் ஊரா, முன்னோர் புறப்பட்ட இடம் ஊரா? தான் காணாத ஊரின் பெயராலேயே புகழ் பெற்ற ஒரு நங்கையின் சரிதத்தை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதினர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று பூர்விகம் தேடுவது அவ்வேடுகளைக் கொண்டேயாம். ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடே காலங்கழிக்கும் நாம் அறிவோம்: ஊர்ப் பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் வழி மறைந்துபோகும்.

கூலிகளோடு வணிகரும் பிறரும் அந்நாட்டில் குடியேறினர். ஜோகன்னஸ்பர்க் நகரில் வாழ்ந்த முனுசாமி முதலியார், மங்களம் தம்பதியர்க்கு 1898 பிப்ரவரி 22 அன்று வள்ளியம்மை பிறந்தார். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியே அக்குடும்பத்தின் ஊர்.

ஒப்பந்தம் முடிந்த இந்தியர் மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதிக்கும் சட்டம் 1895-இல் பிறந்தது. 1913 மார்ச்சில், கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாலி கட்டிய மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயிற்று. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுப் பெண்டிரும் அறப்போரில் இறங்கினர். வள்ளியம்மையும் தாயாருடன் புறப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் பெற்று மாரிட்ஸ்பர்க் சிறை புகுந்தார். 1893-இல் காந்தியடிகள் ரயிலினின்றும் இறக்கிவிடப்பட்டதும் அவ்வூர் நிலையத்திலேதான்.

சிறையில் கண்ட காய்ச்சல் விடுதலைக்குப் பின்னும் தணியவில்லை. 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு ஆண்டுகள் நிறைந்த பிறந்தநாளிலேயே அன்னார் மறைந்தார். சில திங்களில் தலைவரி நீங்கியது. நம்மவர் திருமணங்களும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன. அவற்றைக் காண அவர் இல்லை.

1914 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் இடுகாட்டில் அவருடைய நினைவுக்கல் திறப்பில் கலந்துகொண்ட காந்தியடிகள், தாயகம் திரும்பியபின் 1915-இல் தில்லையாடிக்கே வந்தார். அம்மண்ணை ஒருநாளும் மிதித்திராத அந்நங்கையை உலகம் இன்றும் தில்லையாடி வள்ளியம்மை என்றே அழைக்கிறது.

அன்பர்களே, கடல் கடந்தோரின் ஊரைக் கப்பல் பதிவேடு காத்தது. மலை கடந்து வந்த நமக்கோ அத்தகைய ஏடு இல்லை. பாட்டன் பாட்டியர் பெயரையும், அவர்கள் புறப்பட்ட கிராமத்தின் பெயரையும் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிழையின்றி எழுதி வைப்போமாக. கேட்டால் சொல்ல அவர்கள் இன்னும் சிலகாலமே நம்முடன் இருப்பர்.