நேதாஜி படையின் சின்னம் வீட்டில் இருக்கிறதா? அதன் மதிப்பு எதில் இருக்கிறது?

காஜாங் - காஜாங், செமினி, பாங்கி வட்டாரத்தில் பால்மரக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, லயத்து வீடுகளைக் காலி செய்தவர்கள் தூக்கிச் சென்ற பொருட்களில் பழைய டிரங்குப் பெட்டியும் ஒன்று. பக்கத்தில் இருந்த பிராங் பெசார் தோட்டம் இன்று புத்ராஜெயா. அந்தப் பெட்டிகளில் எதிலாவது இந்திய வரைபடம் பொறித்த ஒரு சிறு உலோகச் சின்னம் கிடந்தால், அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் சுபாஷ் சந்திர போஸின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அரசியல் சின்னங்களைச் சேகரிப்போர் உலகம் முழுவதும் தேடுகிற பொருட்களில் அவருடைய இயக்கத்தின் சின்னங்களும் அடங்கும்.

போஸ் 1897 ஜனவரி 23-ஆம் தேதி ஒடிசாவின் கட்டாக் நகரில் வழக்கறிஞர் ஜானகிநாத் போஸின் மகனாகப் பிறந்தார். இங்கிலாந்தில் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவதாக வந்தும், 1921-இல் அந்தப் பதவியை உதறினார். சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்த அவர், 1930-இல் கல்கத்தா மேயரானார். 1938-இல் காங்கிரஸ் தலைவரானார். அடுத்த ஆண்டு காந்தியின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவையே தேர்தலில் வென்று, பிறகு அந்தப் பதவியையும் துறந்தார்.

சீருடை, கொடி, சின்னம் ஆகியவற்றின் பலத்தை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார். 1928 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் தொண்டர்களுக்கு ராணுவச் சீருடை அணிவித்துத் தானே தளபதியாக அணிவகுத்தார். காந்திக்கு அது பிடிக்கவில்லை. கேலி செய்தவர்களும் உண்டு. பதினைந்து ஆண்டுகள் கழித்து மலாயாவில் நடந்ததற்கு அது ஒத்திகை என்றே இன்று தோன்றுகிறது.

1941 ஜனவரியில் வீட்டுக் காவலிலிருந்து தப்பி, காபூல் வழியாக பெர்லின் சேர்ந்தார். அங்கே அவர் அமைத்த படையினரின் சட்டைக் கையில் பாயும் புலிச் சின்னம் இருந்தது. பிறகு ஜெர்மன் நீர்மூழ்கியிலும் ஜப்பானிய நீர்மூழ்கியிலுமாகக் கடல் கடந்து, தோக்கியோ போய், 1943 ஜூலை 2-ஆம் தேதி சிங்கப்பூரில் இறங்கினார். இரண்டு நாளில் இந்திய சுதந்திர சங்கத்தின் தலைமை அவர் கைக்கு வந்தது.

அப்போது மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்தது. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். சங்கத்தின் உறுப்பினர் அட்டை ஜப்பானியச் சிப்பாயின் முன்னால் ஓரளவு பாதுகாப்பாகவும் இருந்தது. தேசப் பற்றால் சேர்ந்தவர்கள், பசியால் சேர்ந்தவர்கள், சயாமுக்குப் பயந்து சேர்ந்தவர்கள் என எல்லாரும் அந்தப் படையில் இருந்தார்கள். அதைச் சொல்வதால் யாருடைய தியாகமும் குறையாது. மலாயாவில் சேர்ந்த பொதுமக்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள், அதிலும் தோட்டத் தமிழர்கள்.

போஸின் கூட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. அவருக்கு அணிவித்த மாலைகள் அங்கேயே ஏலம் விடப்படும். சற்று முன் சில காசுக்கு வாங்கிய பூ மாலை, அவர் கழுத்தில் விழுந்து எழுந்ததும் பெரும் தொகைக்குப் போகும். பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். கோலாலம்பூர் கூட்டத்தில் தன் காதணியைக் கழற்றிக் கொடுத்த 18 வயது ஜானகி தேவர், பின்னாளில் ஜான்சி ராணி படையின் முன்னணித் தளபதிகளில் ஒருவரானார். பணம் படைத்தவர்கள் எல்லாரும் மனமுவந்து கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. தயங்கிய வணிகர்களை போஸ் கடுமையாகவே நெருக்கினார். சிங்கப்பூர் செட்டியார் கோயிலுக்கு அவரை அழைத்தபோது, எல்லாச் சாதியினரையும் மதத்தினரையும் அனுமதித்தால்தான் வருவேன் என்று நிபந்தனை வைத்தார். கோயிலார் இணங்கினார்கள். தம்முடைய முஸ்லிம் அதிகாரிகளுடன் அவர் உள்ளே போனார்.

ஏலத்தொகை பெரும்பாலும் ஜப்பானிய நோட்டுகளில்தான் வந்தது. பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம் அச்சிட்டிருந்ததால் அதை வாழைமர நோட்டு என்றார்கள். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறும் காகிதம். மாலையும் வாடியது, அதற்குக் கொடுத்த பணமும் போயிற்று.

அதற்குள் படை தோற்றிருந்தது. 1944-இல் இம்பால் போரிலிருந்து பின்வாங்கியபோது குண்டுக்கு இறந்தவர்களைவிட மழையிலும் நோயிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் ஏராளம். 1945 ஆகஸ்ட் 18-ஆம் தேதி தைப்பேயில் நடந்த விமான விபத்தில் போஸ் இறந்தார். அதை நம்பாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திரும்பி வந்த பிரிட்டிஷார், சிங்கப்பூரில் அவர் எழுப்பிய படை நினைவுச்சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தப் பயத்தில் பலர் சீருடைகளை எரித்தார்கள். படங்களையும் சின்னங்களையும் புதைத்தார்கள். மிஞ்சியவை அரிதாகிப் போனதற்கு அதுவே முக்கியக் காரணம்.

அரிதானால் போலி வராமல் இருக்குமா? போஸின் அரசு வழங்கிய பதக்கங்கள் வியன்னாவில் ரூடால்ஃப் சூவால் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. போருக்குப் பிறகும் அதே அச்சுகளில் சேகரிப்பாளர்களுக்காக வார்த்து விற்றார்கள். ஆகவே பளபளப்பான பதக்கம் கிடைத்தால் முதலில் சந்தேகப்படுவதே முறை. பெர்லினில் அச்சிட்ட ஆசாத் ஹிந்த் அஞ்சல் தலைகளும் அப்படித்தான். அவை எந்த அஞ்சலகத்திலும் விற்பனைக்கு வரவில்லை. அவற்றில் பல வகைகள் இன்றும் எளிதாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. முத்திரை குத்திய உறையில் ஒட்டியிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

மாறாக, தோட்டத்துக் குடும்பம் ஒன்று காப்பாற்றி வைத்த சாதாரணச் சின்னம், அணிந்தவரின் பெயரோடும் உறுப்பினர் அட்டையோடும் படத்தோடும் வந்தால் அதன் மதிப்பு வேறு. பெயர் பிரிந்துவிட்டால் வியாபாரிக்கு அது இன்னொரு உலோகத் துண்டு. இது விலையை மட்டும் பற்றிய பேச்சு அல்ல. அந்தப் படையில் இருந்த தோட்டத் தமிழர் பலருக்கு வேறு ஆவணமே கிடையாது.

அதனால் சின்னம் இருந்தால் புளி போட்டோ பிராசோ போட்டோ துலக்கக் கூடாது. பச்சைக் களிம்பும் கறுத்த நிறமும் பழைமைக்குச் சான்று, துலக்கினால் விலையும் குறையும். தாத்தா அல்லது பாட்டியின் முழுப் பெயர், எந்தத் தோட்டம், எங்கே பயிற்சி, பர்மாவுக்குப் போனாரா, எப்போது திரும்பினார் என்பதை வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுடனே வைக்கலாம். விற்க மனமில்லாதவர்கள் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகி, அட்டையையும் படங்களையும் அங்கே ஒப்படைப்பது பற்றி விசாரிக்கலாம்.