கலங்கா நெஞ்சினர் ஷாக்கில்டன்

பேரிடர் வந்துற்ற காலத்துப் பலரும் ஒருங்கே கலங்குதல் உலகியற்கை. நாளை யாது நேருமோ என்னும் ஐயம் ஓருள்ளத்தினின்று மற்றோருள்ளத்திற்குத் தீயெனப் பரவும். அக்காலத்து ஒருவரேனும் நிலைகுலையாது நிற்பாராயின், அவரைச் சார்ந்தாரும் உய்வர். இதற்குச் சான்றாய் விளங்கியவர் சர் எர்னஸ்ட் ஷாக்கில்டன் என்பார்.

அயர்லாந்து தேசத்தில் 1874-ஆம் ஆண்டு தோன்றிய இவர், பதினாறாம் வயதிலேயே கப்பற்றொழிலை மேற்கொண்டார். 1909-ஆம் ஆண்டில் தென்துருவத்திற்கு 97 கடல் மைல் அணிமை வரை சென்றும், உணவு போதாமை கண்டு, உடன்வந்த மூவரின் உயிரைக் கருதி மீண்டார். புகழினும் உயிரே பெரிதென்னும் அத்துணிவே பின்னை விளைந்தவற்றிற்கெல்லாம் வித்தாயிற்று.

1914-ஆம் ஆண்டில், தென்துருவக் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் கருத்தொடு 'எண்டுரன்ஸ்' என்னும் மரக்கலத்திற் புறப்பட்டார். அதிற் சென்றோர் அவருள்ளிட்டு 28 பேர். 1915 ஜனவரியிற் பனிக்கட்டிகளிடையே சிக்கிய அக்கலம், அக்டோபரில் நொறுங்கி, நவம்பரில் மூழ்கிற்று. செய்தி விடுக்க வழியில்லை. காலடியில் நிலமுமில்லை, மிதக்கும் பனியே உளது. அந்நிலையில் ஷாக்கில்டன் பழைய நோக்கத்தை அறவே விடுத்து, அனைவரையும் உயிரோடு மீட்பதே இனித் தம் கடன் எனத் தெளிந்தார். சுமை குறைக்கவேண்டித் தம் பொற்காசுகளைப் பனிமேல் எறிந்தார்; எனினும் ஒருவரது பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியைக் கைவிடவிடாது காத்தார். இசை மனத்திற்கு மருந்தென்பதை அவர் அறிவார். முணுமுணுக்கும் இயல்பினரை வெறுத்து ஒதுக்காது, தம் கூடாரத்திலேயே உடன் வைத்துக்கொண்டார்.

1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் யானைத்தீவை அடைந்தனர். அத்தீவோ மக்கள் வழக்கற்றது. ஆதலின் ஷாக்கில்டன் ஐவரை உடன்கொண்டு, 22 அடிப் படகொன்றில் ஏறத்தாழ 800 மைல் கடந்து, பதினாறு நாளில் தென் ஜார்ஜியாத் தீவை எய்தினார். பின்னர் இருவரோடு பனிமலைகளை முப்பத்தாறு மணி நேரத்திற் கடந்து, திமிங்கில வேட்டையாளர் இருப்பிடம் புக்கார். தோழரை மீட்க மும்முறை முயன்றும் பனி தடுத்தது. நான்காம் முறை, சிலி நாட்டரசு ஈந்த 'யெல்சோ' என்னும் சிறு கலத்திற் சென்று, 1916 ஆகஸ்ட் 30-ஆம் நாள் எஞ்சிய 22 பேரையும் உயிரோடு மீட்டார். கண்டத்தின் மறுகரையில் உணவு சேமிக்கச் சென்ற வேறொரு குழுவினருள் மூவர் மாண்டமை அவ்வெற்றியினூடே நின்ற துயராகும். 1922-ஆம் ஆண்டு தென் ஜார்ஜியாவிலேயே அவர் உயிர் நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார். மூழ்கிய மரக்கலம் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்திற் கண்டறியப்பட்டது.

சங்கத்து அன்பர்காள்! கொள்ளைநோயோ வெள்ளமோ வேலையின்மையோ ஊரைச் சூழுங்கால், நம் இல்லமும் அம்மிதக்கும் பனி போல்வதே. அப்பொழுது குடும்பத் தலைவர் செயற்பாலன யாவை? கைகூடாததைப் பற்றி அழாது, கைகூடுவதைத் தெளிதல். நாள்தோறும் செய்யும் வினைகளை வழுவாது நடத்தல். அஞ்சுவோரை அருகிருத்திக் காத்தல் என்பனவாம். யானைத்தீவில் எஞ்சியோர்க்குத் தலைவராயிருந்த பிராங்க் வைல்டு, தலைவர் இன்றே வரக்கூடும் எனச் சொல்லி, காலைதோறும் அனைவரையும் தத்தம் படுக்கையைச் சுருட்டி வைக்கச் செய்தார். நான்கு திங்களுக்கு மேலாக அவர் அங்ஙனம் செய்து வந்தார். மீட்கும் கலம் வந்த அன்று ஒரு மணிப்பொழுதிற்குள் அனைவரும் அதில் ஏறினர். நம்பிக்கை என்பது வாளா காத்திருத்தலன்று. காலைதோறும் ஆயத்தமாயிருத்தலே என்பதை நம் சிறார்க்கும் உணர்த்துவோமாக.