ஆசான் நைரேரே

தான்சானியாவின் முதற் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயை அந்நாட்டார் ‘ம்வாலிமு’, அதாவது ஆசிரியர், என்றே அழைத்தனர். 1922-இல் புடியாமா என்னும் சிற்றூரில் பிறந்த அவர்தம் தாய்மொழி சனாக்கி. ஏறத்தாழ 12-ஆம் வயதிலேதான் பள்ளி வாயிலை மிதித்தார். எடின்பரோ வரை சென்று பயின்றார். ஆசிரியப் பணியும் புரிந்தார்.

நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் அந்நாட்டில், எந்தப் பேரினத்துக்கும் தனியுரிமையாகாத சுவாகிலியை அவர் அரசு 1967-இல் தொடக்கப் பள்ளிகளின் பயிற்றுமொழியாக்கியது. அதற்கு முன்பே சேக்சுபியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைச் சுவாகிலியில் பெயர்த்து, அம்மொழியின் ஆற்றலைக் காட்டியிருந்தார்.

பெரியோரைப் போற்றும் நாம் மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலமே நீடித்தது. அங்கும் சுவாகிலி வேண்டுமென்று 1982-இல் ஆணைக்குழு பரிந்துரைத்தும் அவர் அரசு ஏற்கவில்லை. ஏழாண்டு சுவாகிலியில் கற்ற உழவன் பிள்ளை, எட்டாம் ஆண்டில் ஆங்கிலச் சுவரில் மோதியது. நம் பிள்ளைகளும் அறிந்த சுவர்தான் அது. 1999-இல் அவர் மறைந்தபோதும் அச்சுவர் நின்றது. அவர்தம் சனாக்கிக்கோ தொடக்கப் பள்ளியிலும் இடமில்லை.