கடற்கரையில் கட்டடம் எழுப்பிய சிஷோம் துரை

நமது சாந்தோம் ஆலய வாசலிலிருந்து கடற்கரைச் சாலையோடு வடக்கே செல்லுங்கள். இடக்கைப் பக்கம் மாநிலக் கல்லூரியும், அடுத்துச் சேப்பாக்கம் அரண்மனையும், அதற்கப்பால் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் வரும். பஸ்ஸில் போகிற அவசரத்தில் நம்மில் எத்தனை பேர் தலைநிமிர்ந்து பார்க்கிறோம்? கல்லூரியும் மண்டபமும் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் என்ற ஆங்கிலேயர் கட்டியவை. அரண்மனையிலும் அவர் கைபட்டிருக்கிறது. (1896-ல் எழுந்த நம் ஆலயம் அவருடையதன்று, அது பவர் என்ற இராணுவப் பொறியாளரின் வேலை.)

1840-ல் பிறந்த சிஷோம், வாலிபப் பிராயத்தில் கல்கத்தாவுக்கு வந்து, பின் சென்னைக்கு வந்தார். கல்லூரிக்கும் செனட் மண்டபத்துக்கும் நடந்த வரைபடப் போட்டியில் வென்றதே அவரை இங்கே கொண்டுவந்தது. 1870-ல் திறக்கப்பட்ட கல்லூரி பெரும்பாலும் இத்தாலியச் சாயல்தான். சீமையில் படித்த பாடத்தை அப்படியே ஒப்புவித்திருக்கிறார்.

1879-ல் முடிந்த செனட் மண்டபமோ வேறு ஜாதி. மூலைக் கோபுரங்களின் கும்மட்டங்களையும், செதுக்கு வேலை நிறைந்த தூண்களையும் பாருங்கள். அதே மனிதரா என்று கேட்கத் தோன்றும். இடையில் நடந்தது இதுதான்: கவர்னர் நேப்பியர் பிரபு மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிடும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். சேப்பாக்கத்தில் நவாபு அரண்மனையின் இரு பகுதிகளுக்கும் நடுவே ஒரு கோபுரம் எழுப்ப வேண்டியும் வந்தது. புதுவேலை பழைய வேலையோடு ஒட்ட வேண்டுமல்லவா? அதற்குச் சீமைப் புத்தகம் உதவாது. இந்நாட்டுக் கொத்தரும் தச்சரும் கட்டிவைத்ததையே உற்றுப் பார்க்க வேண்டியதாயிற்று.

பார்த்தவர் விடவில்லை. 1880-ல் முடிந்த திருவனந்தபுரம் நேப்பியர் காட்சிசாலைக்கு மலையாள நாட்டுச் சாய்கூரையையே போட்டார். சென்னைக் கலைத்தொழில் பள்ளிக்குத் தலைவராயிருந்து, உள்ளூர்க் கைவினையை ஆதரித்தார். எழும்பூர்ப் பக்கம் போகிறவர்கள் விக்டோரியா மண்டபத்தையும், பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் பெரிய தபாலாபீஸையும் பார்த்திருப்பீர்கள், அவையும் இவருடையவையே. பரோடாவில் மேஜர் மாண்ட் 1881-ல் இறந்தபின், லட்சுமி விலாஸ் அரண்மனையை முடித்துக் கொடுத்தவரும் இவரே.

எல்லாவற்றிலும் செனட் மண்டபமே சிறந்ததென்பது என் அபிப்பிராயம். நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த அதனை, பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டிப் பழுதுபார்த்தார்கள்.

முதுமையில் சிஷோம் இலண்டன் திரும்பினார். அங்கே ஸ்லோன் தெருவருகே ஒரு ஆலயம் கட்டினார். 2004 முதல் அது சங்கீத மண்டபமாக இருக்கிறது. 1915-ல் அவர் காலமானார்.