தோற்ற சீட்டும் இந்திரலால் ராயும்

எங்க வீடு ஸ்ரீரங்கத்துல. சின்ன வயசுல உத்திர வீதித் திண்ணையில் உட்கார்ந்து போர் விமான ட்ரம்ப் கார்டு ஆடாத நாளே கிடையாது. தெருப் பையன்களிடம் மாற்றியும், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய கடைகளில் தேடியும் அறுபதுக்கு மேல் சேர்த்திருந்தேன். அதில் ஒரு சீட்டு மட்டும் யாருக்கும் வேண்டாம். எஸ்.இ.5ஏ. இரட்டை இறக்கை, மரச்சட்டம், மேலே துணி. வேகம் மணிக்கு சுமார் 220 கி.மீ. தான். மிக் சீட்டு எதிரே வந்தால் அவ்வளவுதான், அவுட்!

பாலிடெக்னிக் வந்த பிறகுதான் அந்த விமானத்தில் பறந்த நம் நாட்டுக்காரர் ஒருவரைப் பற்றிப் படித்தேன். அவர்தான் இந்திரலால் ராய்.

1898 டிசம்பர் 2-ல் கல்கத்தாவில் பிறந்தவர். லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். விமானப் படையில் சேரப் போனால், கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவர் விடவில்லை. தன் மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் டாக்டரிடம் காட்டி, மறுபடியும் போய் நின்றார் என்று சொல்கிறார்கள். 1917 ஜூலையில் ராயல் ஃப்ளையிங் கோரில் அதிகாரியானார். அப்போது வயது 18. என் வயசு!

அந்த ஆண்டு டிசம்பர் 6-ல் அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ தரையில் மோதி நொறுங்கியது. பலத்த காயம். பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். குணமாகி வந்த நாட்களில் அவர் சும்மா இருக்கவில்லை, விமானங்களாக வரைந்து தள்ளினார். திரும்பத் திரும்பக் கேட்டு, 1918 ஜூனில் 40-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்துவிட்டார்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். ஜூலை மாதம் 13 நாட்களில் 10 வான் வெற்றிகள்! அதே சீட்டு விமானம்தான். எட்டு சிலிண்டர் எஞ்சின். மேல் இறக்கையில் ஒரு துப்பாக்கி. சுழலும் புரொப்பல்லரில் படாமல் இடையே சுடும் இன்னொன்று முன்னால். மெக்கானிக்கல் நண்பர்கள் அந்த டைமிங்கை யோசித்துப் பாருங்கள்.

ஜூலை 22-ல் பிரான்சில் கார்வின் அருகே நடந்த வான் சண்டையில் அவர் வீழ்ந்தார். வயது 19. உயிர் போன பிறகு டி.எஃப்.சி. விருது வந்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. நம்மை ஆண்டவர்களின் படையில்தான் அவர் போரிட்டார், உண்மைதான். நமக்கென்று ஒரு விமானப் படை 1932-ல்தான் வந்தது. ஆனால் இந்தியனாலும் முடியும் என்று அதற்கு முன்பே காட்டிவிட்டுப் போனார். 1998-ல் நம் தபால் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். முதல் செமஸ்டரில் மேத்ஸ் அரியர் விழுந்ததும், இது நமக்குச் சரிப்படாது, டி.சி. வாங்கிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் இந்த வரலாறு கைக்குக் கிடைத்தது. தகுதியில்லை என்று இரண்டு முறை சொல்லப்பட்டவர் மூன்றாவதாகவும் போய் நின்றிருக்கிறார். நான் ஒரே ஒரு பேப்பருக்காக ஓடப் பார்த்தேன். மறுபடி எழுதினேன், பாஸ்.

மார்க் ஷீட்டும் ஒரு ட்ரம்ப் கார்டு மாதிரிதான் நண்பர்களே. எண் மட்டும்தான் அதில் இருக்கும், உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவன் யார் என்று இருக்காது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதை மறக்க வேண்டாம். எஸ்.இ.5ஏ சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் மாற்ற மாட்டேன்!