குடிகாரரைத் தேடிய குடிகாரர்!

தஞ்சை மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள ஊர் அதிராம்பட்டினம். உப்பளம் உண்டு. மீன்பிடி படகுகள் உண்டு. இத்தகைய ஊர்களில் இன்னார் மகன் இன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே, குடிக்கு அடிமையானவர் அதை வெளியே சொல்லக் கூசுவார். வீட்டாரும் மூடி மறைப்பார்கள். நோயோ உள்ளுக்குள் முற்றிக்கொண்டே போகும்.

இந்த வெட்கத்துக்கு மருந்து கண்டுபிடித்த ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். பெயர், பில் வில்சன். அவரே ஒரு காலத்தில் பெருங்குடிகாரர்!

பிடிவாதக்காரப் பையன்

வில்சன் 1895-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, வெர்மான்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டார்செட் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். தாத்தா வீட்டில் வளர்ந்தார்.

எறிந்தால் திரும்பி வரும் வளைதடியை ஆஸ்திரேலியப் பழங்குடிகளைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது என்று தாத்தா ஒருநாள் சொன்னார். பையன் விடவில்லை. மாதக்கணக்கில் மரத்தைச் செதுக்கினான். செய்து காட்டினான்!

அப்படிப்பட்ட பிடிவாதக்காரர்தான் பிற்காலத்தில் மதுவிடம் தோற்றார்.

முதல் உலகப் போரின்போது அவர் ராணுவ அதிகாரி. ஒரு விருந்தில் முதன்முதலாகக் குடித்தார். கூச்சம் பறந்தது. அன்று பிடித்த பழக்கம் அவரை விடவில்லை. 1918-ம் ஆண்டு லோயிஸ் என்ற பெண்ணை மணந்தார். பங்குச் சந்தைத் தொழிலில் பணம் குவிந்தது. 1929-ம் ஆண்டு சந்தை சரிந்தது. செல்வம் போயிற்று. குடி மட்டும் போகவில்லை.

மாமனார் வீட்டில் தங்கினார்கள். லோயிஸ் கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இனித் தொடமாட்டேன் என்று வேதப் புத்தகத்தில் பலமுறை எழுதிக் கொடுத்தார் வில்சன். ஒருமுறைகூட நிலைக்கவில்லை.

திருப்பம்

1934-ம் ஆண்டு நவம்பரில் பழைய நண்பர் ஒருவர் வந்தார். அவரும் குடிகாரர். வில்சன் மதுவை நீட்டினார். நண்பர் மறுத்துவிட்டார்! தாம் கடவுளை நம்பிக் குடியை நிறுத்திய கதையைச் சொன்னார்.

அடுத்த மாதம் வில்சன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். குடிவெறி ஒழுக்கக்கேடு அல்ல, ஒரு நோய் என்பது அங்கிருந்த டாக்டரின் கருத்து. ஆஸ்பத்திரியில் வில்சனின் மனம் மாறியது. அதன் பிறகு அவர் சாகும்வரை மதுவைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் குடிகாரர்களைத் தேடிப் போய் உபதேசம் செய்தார். மாதங்கள் ஓடின. ஒருவர்கூடத் திருந்தவில்லை. மனம் சோர்ந்தார். ஆனால் அவரே குடிக்காமல் இருக்கிறாரே என்று லோயிஸ் சுட்டிக்காட்டினார்.

ஒரு டெலிபோன்

1935-ம் ஆண்டு மே மாதம். தொழில் விஷயமாக ஆக்ரன் நகருக்குப் போனார். காரியம் தோல்வி. கையில் காசு இல்லை. தங்கியிருந்த ஓட்டலில் ஒருபுறம் மதுக்கூடம். உள்ளே சிரிப்பொலி. மறுபுறம் டெலிபோன்.

கால் எந்தப் பக்கம் போகும்? வில்சனுக்குப் பயம் வந்துவிட்டது. தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரரிடம் பேசினால்தான் தப்பலாம் என்று உணர்ந்தார். டெலிபோனை எடுத்தார். ஊர்ப் பாதிரியார் ஒருவரிடம் பேசினார். அவர் மூலம் ஒரு பெண்மணியின் தொடர்பு கிடைத்தது. அந்த அம்மையார் டாக்டர் பாப் ஸ்மித் என்பவரைச் சந்திக்க ஏற்பாடு செய்தார்.

ஸ்மித் அறுவை சிகிச்சை டாக்டர். குடியால் கை நடுங்கியது. கால் மணி நேரம்தான் பேசுவேன் என்ற நிபந்தனையோடு வந்தார். வில்சன் உபதேசம் செய்யவில்லை. தம் கதையைச் சொன்னார். பேச்சு ஆறு மணி நேரத்துக்குமேல் நீண்டது!

1935 ஜூன் 10-ந் தேதி டாக்டர் கடைசியாக மது அருந்தினார். அந்த நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் பிறந்த நாள்.

பெயர் வேண்டாம்

இதன் கூட்டத்தில் கட்டணம் இல்லை. முழுப்பெயர் சொல்ல வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே போதும். ஒருவர் தம் கதையைச் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்லமாட்டார்கள். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதே அவர்கள் உறுதி.

வீட்டார் படும் துயரத்தை லோயிஸ் அறிவார். 1951-ம் ஆண்டு குடும்பத்தினருக்காக அல்-அனான் என்ற அமைப்பைத் தோழி ஒருவருடன் சேர்ந்து தொடங்கினார்.

யேல் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் அளிக்க முன்வந்தது. வில்சன் ஏற்கவில்லை. ஆனால் புகைப் பழக்கம் அவர் நுரையீரலைக் கெடுத்தது. 1971-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி காலமானார். அது அவருடைய திருமண நாள்.

இந்த இயக்கம் 1957-ம் ஆண்டு பம்பாயில் வேர்விட்டது. இன்று தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடக்கின்றன. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகையால் முதலில் டாக்டரைப் பார்ப்பது நல்லது. 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம்.

முன்பின் தெரியாத ஊரில் வில்சன் டெலிபோனை எடுத்தார். அதிராம்பட்டினத்தில் இருப்பவருக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.